இன்ஸ்பெக்டர் தெருவில் இறங்கிய ஞாயிறு

எங்கள் பூனைக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வந்ததற்கு அதன் பார்வைதான் காரணம். துணி தைக்கக் கொடுக்க யார் வந்தாலும் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்க்கும். அது முகர்ந்து முடித்த பிறகுதான் நான் அளவெடுக்கலாம். போன வாரம் ஒருத்தி கதவைச் சாத்தாமல் உள்ளே வந்தாள். இன்ஸ்பெக்டர் ஒரே பாய்ச்சலில் படியிறங்கித் தெருவுக்கு ஓடிவிட்டது. ஒரு வேன் கிறீச்சிட்டு நின்றது. நான் ஓடிப்போய் அதை அள்ளிக்கொண்டு வந்தேன்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். விபத்து என்று யாராவது வாயெடுத்தாலே அவருக்கு முகம் மாறிவிடும்.

"இதை எங்க கம்பெனி ஸ்டோர்கீப்பர்கிட்ட குடுத்துடலாம். அவர் வீட்ல சுத்துச்சுவர் வெச்ச தோட்டம் இருக்கு. ஞாயித்துக்கிழமை வரச் சொல்லிட்டேன்" என்றார்.

"வரட்டும். அதுக்குள்ள நான் இதைக் கயித்துல நடக்கப் பழக்கிடறேன். ஒழுங்கா நடந்துச்சுன்னா அவரை வெறுங்கையோட அனுப்பணும். சரியா?"

"பூனையாவது, கயித்துல நடக்கிறதாவது."

சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த 'ஆவது' போதும் எனக்கு. வெட்டிவைத்திருந்த பாவாடையை ஓரமாகத் தள்ளிவிட்டு, பழைய ஜீன்ஸ் துணியில் மார்புக்கும் வயிற்றுக்குமாக ஒரு பட்டை தைத்தேன். உள்ளே மெத்தென்று லைனிங், முதுகில் வளையம், வளையத்தில் நீளமான நாடா. என் கைவேலையைப் பார்த்து எனக்கே பெருமை தாங்கவில்லை.

மாட்டியதும் இன்ஸ்பெக்டர் பக்கவாட்டில் பொத்தென்று விழுந்தது. உயிரே போய்விட்டதுபோல் கிடந்தது. வால் நுனி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. நடிப்பு! நானா ஏமாறுவேன்? மூக்குக்கு முன்னால் ஒரு மீன் துண்டை வைத்தேன். ஒரு கண் திறந்தது. தவழ்ந்து வந்து தின்றது. மறுநாள் தையல் மெஷினைச் சுற்றி நடந்தது. அதற்கடுத்த நாள் பட்டையை எடுத்ததுமே ஓடி வந்து முன்னால் நின்றது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

ஞாயிறு காலை ஸ்டோர்கீப்பர் மூடி போட்ட கூடையோடு வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் பட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"கொஞ்சம் தொளதொளன்னு இருக்கே."

"லிஃப்ட்டை நீங்க பாருங்க. அளவை எனக்கு விடுங்க" என்று கையைத் தட்டிவிட்டேன்.

தெருவில் இறங்கினோம். அடடா, அந்த நடை! வாலைக் கொடிபோல் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு வாசலையும் சோதனை போட்டபடி இன்ஸ்பெக்டர் முன்னால் போகிறது. எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. "பாருங்க, பாருங்க" என்று நான் சொல்லிக்கொண்டே போகிறேன். ஸ்டோர்கீப்பர் வாயைப் பிளந்துவிட்டார்.

அப்போது பார்த்து ஒரு பைக் ஹாரன் அடித்தது. இன்ஸ்பெக்டர் பின்னால் நகர்ந்து, தோளைக் குறுக்கி, சட்டையைக் கழற்றுவதுபோல் பட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, நின்றிருந்த லாரிக்கு அடியில் பாய்ந்தது.

பள்ளிச் சீருடை தைத்துத் தைத்துப் பழகிய கை என்னுடையது. வளர்கிற பிள்ளை, அடுத்த வருஷமும் போட வேண்டும் என்று தானாகவே இரண்டு விரல் லூஸ் விட்டிருக்கிறது. வளர்ந்து முடிந்த பூனைக்கு ஏது அடுத்த வருஷம்? என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

லாரி டிரைவர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். என் வீட்டுக்காரர் ஓடிப்போய்க் கதவில் ஓங்கித் தட்டினார். இஞ்சின் அடங்கியதும், துவைத்த வெள்ளைச் சட்டையோடு தரையில் படுத்து லாரிக்கு அடியில் தவழ்ந்தார்.

"யோவ், வெளிய வாய்யா, எனக்கு நேரமாச்சு" என்றார் டிரைவர்.

"அது வராம நான் வரமாட்டேன்" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

உள்ளே ஒரு சீறல். பிறகு கொஞ்சல். தங்கமே, ராஜாவே என்று அவர் என்னைக்கூட ஒருநாளும் கொஞ்சியதில்லை. கடைசியில் முழங்கையெல்லாம் கீறலோடு, சட்டைக்குள் இன்ஸ்பெக்டரை அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. பூனைக்கு அல்ல, அவருக்கு.

ஸ்டோர்கீப்பர் கூடையின் மூடியைத் திறந்தார். எந்த முகத்தோடு வேண்டாம் என்று சொல்வேன்? கழன்ற பட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் கூடையைப் பார்த்தார். பூனையைப் பார்த்தார்.

"சார், மேல வந்து டீ குடிச்சுட்டுப் போங்க. இதைத் தவிர வேற எது வேணும்னாலும் கேளுங்க" என்றார்.

மத்தியானமே பட்டையைப் பிரித்து, லூஸை எடுத்து, உடம்போடு ஒட்டத் தைத்தேன். சாயங்காலம் மறுபடியும் இறங்கினோம். இன்ஸ்பெக்டர் பின்னால் நகர்ந்து பார்த்தது, தோளைக் குறுக்கிப் பார்த்தது, ஒன்றும் நடக்கவில்லை. பிறகு விட்டது பாருங்கள் ஓர் ஓட்டம்! அதன் பின்னால் நாடாவைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரர், அவருக்குப் பின்னால் மூச்சிரைக்க நான்.

"என்கிட்டயும் கொஞ்சம் குடுங்களேன்" என்றேன்.

வீடு திரும்பும்வரை அவர் நாடாவைக் கொடுக்கவே இல்லை.