பிள்ளைகள் இறங்கும் பக்கம்

ரெட்டியார்சத்திரத்து நல்லுசாமிக்குப் பொய் சொல்ல வராது என்று ஊரே சொல்லும். ஊருக்கு என்ன தெரியும்? கட்டின பொண்டாட்டிகிட்டயே நாலு மாசமாக ஒரு பொய்யைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார் மனுசன். விசயம் அவர் கண்ணில். நேரே பார்த்தால் எல்லாம் பளிச்சென்று தெரியும். இடப்பக்க ஓரத்தில் மட்டும் ஆள் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. தட்டுக்கு இடப்பக்கம் வைத்த தண்ணிச் செம்பை மூன்று தடவை தட்டிவிட்டார். "வரவர உங்களுக்கு நிதானமே இல்ல" என்று அய்யம்மாள் வைதாள். அவரும் ஆமாமென்று தலையாட்டிக்கொண்டார்.

பித்தமாக இருக்கும், தூக்கம் பத்தாததாக இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஆனால் அவரைப் பெற்ற ஐயாவுக்கும் ஐம்பது வயசில் இப்படித்தான் ஓரத்தில் ஆரம்பித்தது. கொஞ்சங் கொஞ்சமாக உள்ளே வந்து, கடைசியில் கொல்லைக்குப் போகவும் ஒரு ஆள் கைபிடிக்க வேண்டியதாயிற்று. நல்லுசாமிக்கு இப்போது நாற்பத்தேழு. ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் அதைத்தான் சொல்லித் தொலைப்பார் என்ற பயத்திலேயே அவர் அந்தத் திசைக்குத் தலைவைத்துப் படுக்கவில்லை.

இந்தக் கூத்தில்தான் வண்டி வாங்கப் புறப்பட்டார். இருபது வருசம் அடுத்தவன் லாரியில் ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றி ஓட்டினவர். சொந்தமாக ஒரு வண்டி வேண்டும் என்பது அவருக்கு ஆசை என்றால், அய்யம்மாளுக்கு வெறி. அவளே தெருத்தெருவாகப் பேசி, திண்டுக்கல் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பதினொரு பிள்ளைகளைப் பிடித்து வைத்துவிட்டாள். ஜூன் மாசம் முதல் நல்லுசாமி வண்டியில்தான் அத்தனையும் போக வேண்டும். "மாமா ஓட்டுனா எனக்குப் பயமே இல்லக்கா" என்று எதிர்வீட்டு மணிமேகலை தன் ஒரே மகளையும் அந்தக் கணக்கில் சேர்த்திருந்தாள். அதைக் கேட்ட அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டாயிரத்து மூன்று, மே மாசம். நாகல் நகரில் பழைய வண்டி வாங்கி விற்கிற அப்துல் கையூம் தன் இடத்தில் இரண்டு ஜீப்பை நிறுத்தியிருந்தார். ஒன்று வெள்ளை, ஒன்று அரக்கு. இரண்டும் ஐந்து வருசம் ஓடினவை, கைக்கு எட்டுகிற விலை.

அய்யம்மாள் மகனுக்குக் கட்டப் போகிற பெண்ணைப் பார்க்கிற மாமியார் மாதிரி இரண்டையும் சுற்றிச் சுற்றி வந்தாள். கதவை ஓங்கி அடைத்துப் பார்த்தாள், சீட்டை அமுக்கிப் பார்த்தாள். "பாய், வெள்ளையில படி ஒசரம். யூகேஜி பிள்ள எப்படிக் கால் வைக்கும்?"

"ஒரு படி வச்சுத் தாரேம்மா."

"அரக்குல படி தோதா இருக்கு. ஆனா பின்னாடி இடம் இம்புட்டுத்தானா? பதினொரு பையை எங்க வைக்கிறது?"

"மேல கேரியர் போட்டுக்கலாம். ஆனா இஞ்சின்னு பாத்தா வெள்ளைதாம்மா. அரக்கு காலையில செத்த நேரம் புகையும், மறைக்க மாட்டேன். ஓட்டிப் பாருங்கண்ணே, வண்டியே சொல்லிடும்."

முதலில் வெள்ளையை எடுத்தார். கையூம் முன்சீட்டில், அய்யம்மாள் பின்னால். பழனி ரோட்டில் திருப்பினதும் இஞ்சின் சத்தம் காதுக்கு இதமாக இருந்தது. நல்ல வண்டி. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்த கையூமின் குரல் மட்டும்தான் வந்தது, ஆளைக் காணவில்லை. கழுத்தைத் திருப்பினால் பாய் இருந்தார். ரோட்டைப் பார்த்தால் பாய் இல்லை.

"பாய், இதுல இடப்பக்கம் சரியாத் தெரியலையே. இந்தக் கண்ணாடியோரக் கம்பி மறைக்குதோ?"

"எல்லா வண்டியிலயும் இருக்கிற கம்பிதாண்ணே. சைடு கண்ணாடிய வேணா கொஞ்சம் திருப்புறேன்."

வண்டியில்தான் கோளாறு, வண்டியில்தான் கோளாறு என்று அவர் மனசு அடித்துக்கொண்டது. அரக்கு வண்டியில் தெரியும். அதன் முகப்பு தாழ்ந்தது, கம்பி மெல்லிசு. அது புகைத்தால் புகைக்கட்டும், பை வைக்க இடமில்லாவிட்டால் போகட்டும், இடப்பக்கம் மட்டும் தெரிந்துவிட்டால் போதும். கோட்டை மாரியம்மனுக்கு அந்த இடத்திலேயே ஒரு கிடாவை நேர்ந்துகொண்டார்.

அரக்கு வண்டியில் ஏறி, நிமிர்ந்து உட்கார்ந்து, நேரே பார்த்தார். கையூம் ஏறிக் கதவை அடைத்த சத்தம் கேட்டது. ஆளைக் காணோம்.

அப்போதே இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை அந்த மனுசன். பின்னால் பொண்டாட்டி உட்கார்ந்திருக்கிறாள், என்னவென்று சொல்லி இறங்குவது? ஓட்டினார். ஊர் தாண்டித் திரும்புவதற்காக ஒரு மண்பாதையில் இடப்பக்கமாக ஒடித்தார்.

"அண்ணே! அண்ணே! பிரேக்கு!"

கையூம் போட்ட கூச்சலில் அவர் கால் தானாக மிதித்தது. வண்டி குலுங்கி நின்றது. முன்பக்க பம்பருக்கு ஒரு சாண் தள்ளி, புல்லுக்கட்டுச் சிதறிக் கிடக்க, ஒரு பொம்பளை கீழே உட்கார்ந்திருந்தாள். அடியொன்றும் இல்லை, பயந்து விழுந்ததுதான். எழுந்து சேலையை உதறிக்கொண்டு பிடித்துக்கொண்டாள் பாருங்கள்: "நாசமாப் போறவனே! மலையாட்டம் நிக்கிறேன், தெரியலையா? கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?"

ரோட்டில் தினம் பத்துப் பேர் பத்துப் பேரைத் திட்டுகிற திட்டு. நல்லுசாமிக்கு மட்டும் அது பிடரியில் அறைந்தது போல இருந்தது. இறங்கிப் போய்ப் புல்லை அள்ளிக் கட்டப் பார்த்தார். அவளே பிடுங்கிக் கட்டிக்கொண்டு போனாள்.

வண்டி நாகல் நகருக்குத் திரும்புகிற வரைக்கும் அய்யம்மாள்தான் பேசினாள். "பாய், இதுலயும் இடப்பக்கம் தெரியலதான? அப்ப வெள்ளையே இருக்கட்டும். பெரிய கண்ணாடியா ஒண்ணு மாட்டிக் குடுத்துருங்க. பிள்ளைக எறங்குறது எல்லாம் அந்தப் பக்கம்தான."

பிள்ளைகள் இறங்குவது எல்லாம் அந்தப் பக்கம்தான்.

நாலு மாசமாக அவர் தன்னை நினைத்துத்தான் பயந்தார். தன் கண், தன் பிழைப்பு, ஐயாவைப் போல ஆகிவிடுவோமோ என்கிற பயம். இப்போது வந்த பயம் வேறு. பதினொரு பிள்ளைகள் தினம் இரண்டு தடவை இடப்பக்கமாக இறங்கும். ஒன்று விழுந்த தண்ணிப் பாட்டிலை எடுக்கக் குனியும். மணிமேகலை மகள் கையசைத்துவிட்டு முன்னால் சுற்றி ஓடும். அவர் நேரே பார்த்துக்கொண்டு கியர் போடுவார். அடக் கடவுளே, அவர் கியர் போட்டுவிடுவார்!

கடை வாசலில் வண்டியை நிறுத்தினார். அய்யம்மாள் இறங்கிப் போனாள். அட்வான்ஸ் கொடுக்க வெற்றிலை பாக்கோடு ஒரு தட்டை வீட்டிலிருந்தே கொண்டுவந்து கடைக்குள் வைத்திருந்தாள், அதை எடுக்க.

"பாய், நீங்க ஒரு நிமிசம் என் எடத்துல உக்காருங்க" என்றார் நல்லுசாமி. "தலையத் திருப்பாம நேரா பாருங்க. இடப்பக்கம் என்னென்ன தெரியுதுன்னு சொல்லுங்க."

கையூம் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். "டீக்கடை தெரியுது. அதுல போண்டா தெரியுது. ரெண்டு சைக்கிள். இந்தா, கதவோரமா அக்கா தட்டு வச்சுக்கிட்டு நிக்கிறாங்க."

"அய்யம்மாளா? எப்ப வந்தா?"

"நீங்க இறங்குறதுக்கு முன்னாடியே வந்துட்டாங்களேண்ணே. உங்களப் பாத்துக்கிட்டேதான நின்னாங்க."

கையூமின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. நல்லுசாமி வண்டியைச் சுற்றி அந்தப் பக்கம் போனார். தட்டும் கையுமாக நின்றிருந்தாள் அய்யம்மாள், இருபத்துநாலு வருசமாக அவரோடு இருக்கிறவள்.

"ரெண்டுமே நல்ல வண்டிதான் அய்யம்மா. கண்ணுதான் சரியில்ல. இந்தப் பக்கம் தெரிய மாட்டேங்குது."

அவள் திட்டுவாள் என்று நினைத்தார். திட்டியிருந்தால் தேவலை. "எத்தன நாளா?" என்றாள் மெதுவாக.

"நாலு மாசம்."

"அப்ப அந்தச் செம்பு..." என்றவள் வாயில் சேலைத் தலைப்பை அழுத்திக்கொண்டாள். தட்டிலிருந்து ஒரு பாக்கு உருண்டு விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள்: "மணிமேகலைகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க மொதல்ல ஆஸ்பத்திரிக்கு வாங்க."

"அங்க போய் ஐயாவுக்கு வந்ததுதான்னு சொல்லிட்டா?"

"சொல்லட்டும். நான் இருக்கேன்ல."

எதிர்ப்பக்கம் பஸ் ஏற வேண்டும். நல்லுசாமி பாதி ரோட்டில் நின்றுவிட்டார். அய்யம்மாள் அவருக்கு இடப்பக்கமாக வந்து, அத்தனை சனத்துக்கும் நடுவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏதும் வருதா?" என்று கேட்டார்.

"ஒரு ஆட்டோ வருது. நில்லுங்க, சொல்றேன்."