முப்பத்தெட்டா, ஐம்பத்தொன்றா

ஒரே டிரம், ஒரே தண்ணீர், அதற்குள் வெப்பம் அளக்கும் இரண்டு சென்சார். புதியது முப்பத்தெட்டு டிகிரி என்றது, பழையது ஐம்பத்தொன்று என்றது. எதை நம்புவது என்று லிஃப்ட் மெக்கானிக் இரண்டு எண்களையும் மாறிமாறிப் பார்த்தான்.

குளியலறையில் அப்பா துண்டைக் கட்டிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்தார். பக்கவாதம் வந்துபோனதிலிருந்து அவருடைய இடது காலில் உணர்ச்சி கிடையாது. போன மாதம், மொட்டைமாடியில் தன் கையால் கட்டிய சூரிய ஹீட்டரிலிருந்து முதல் தண்ணீரைப் பிடித்துவந்து பெருமையோடு அவர் பாதங்களில் ஊற்றியவன் இந்த மெக்கானிக்தான். “இதமா இருக்குடா” என்றார் அப்பா. சாயங்காலம் தோல் நனைந்த காகிதம்போல உரிந்து வந்தது. அன்றிலிருந்து கட்டுப் போட்டதெல்லாம் அக்கா. கட்டைப் பிரிக்கும் நேரம் பார்த்து இவனுக்கு எங்கிருந்தோ ஒரு வேலை வந்துவிடும். பார்க்கத் தைரியமில்லை, வேறொன்றுமில்லை.

அந்தப் பாவத்தைக் கழுவத்தான் குழாயைத் திறந்து மூடும் இந்தப் பெட்டி. வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் டிரம்மில் கலக்கும். முப்பத்தெட்டைத் தாண்டினால் குழாய் திறக்காது. ஆனால் பெட்டி ஒரே ஒரு சென்சாரின் பேச்சைத்தான் கேட்கும். புதியது பளபளக்கும் ஸ்டீல் குழாய்க்குள் இருப்பது, மூன்று வாரம் காத்திருந்து வாங்கியது. பழையது அக்காவின் செத்துப்போன வாஷிங் மெஷினிலிருந்து பிடுங்கியது.

“இதுல என்னடா யோசனை? புதுசை மாட்டு” என்றபடி அக்கா டிரம்மில் கையை விட்டாள். “பதமாத்தான் இருக்கு.”

“பேக்கரியில ரொட்டி அடுப்புத் தட்டைத் துணியில்லாம எடுக்கிற கை உன் கை. அதை வச்சு எப்படிச் சொல்றது?”

“அப்ப நீயே விட்டுப் பாரு.”

விட்டான். சுடுவதுபோலத்தான் இருந்தது. ஆனால் ஒரு மாதமாகப் பச்சைத் தண்ணீரும் அவனுக்குச் சுடுகிறது. தன் கையை நம்பும் நிலையில் அவன் இல்லை.

“காலையில பச்சைத் தண்ணியில ரெண்டையும் சோதிச்சேன்க்கா. ரெண்டுமே இருபத்தேழு காட்டுச்சு.”

“அப்புறம் என்ன? செத்த மெஷினுக்குள்ள கிடந்ததை நம்பிக்கிட்டு.”

“சீக்கிரம் முடிவு பண்ணுங்கப்பா. குளிக்காமலே காஞ்சு போயிடுவேன் போலிருக்கு” என்றார் அப்பா உள்ளிருந்து.

புதியதன் ஒயரைப் பெட்டியில் செருகிவிட்டான். ஸ்குரூவை முடுக்கப் போகும்போது சுவரில் தொங்கிய கடிகாரம் கண்ணில் பட்டது. அது அறையின் வெப்பத்தையும் காட்டும். இருபத்தேழு. அவன் கை அப்படியே நின்றது. அறையும் இருபத்தேழு, தண்ணீரும் இருபத்தேழு என்றால், சென்சார் தண்ணீரைத் தொட்டாலும் அதே எண், தொடாவிட்டாலும் அதே எண். அதற்குப் பெயர் சோதனையா? மண்டையில் நாலு போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு.

“அக்கா, கெட்டில்ல தண்ணி கொதிக்க வை.”

கொதிக்கிற தண்ணீரில் வாஷிங் மெஷின் சென்சார் தொண்ணூற்றெட்டு காட்டியது. புதியது அறுபதிலேயே நின்றுவிட்டது. ஸ்டீல் குழாயை அறுத்துப் பார்த்தான். வெப்பத்தை அளக்கும் மிளகளவு மணி நுனியில் இருக்க வேண்டியது, நாலு விரல் மேலே, தண்ணீருக்கு எட்டாமல் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

அக்கா படியில் உட்கார்ந்துவிட்டாள். “புதுசை மாட்டுன்னு சொன்னேனேடா” என்றாள்.

பழையதை மாட்டினான். பச்சைத் தண்ணீர் கலந்து, ஐம்பத்தொன்று மெல்ல இறங்கி, முப்பத்தெட்டில் குழாய் திறந்தது. குவளையோடு அப்பாவின் காலடியில் குந்தினான். கட்டில்லாத பாதங்களை அன்றுதான் பார்த்தான். இடது பாதத்தில் சுருக்கம் விழுந்த புதுத் தோல். வலது பாதத்திலும், கணுக்கால் முதல் விரல்வரை, அதே புதுத் தோல்.

“அப்பா, இந்தக் கால் உங்களுக்கு நல்லாத்தானே இருக்கு. அன்னைக்கு இது சுடலையா?”

அப்பா துண்டின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“சுட்டுச்சு.”

“ஏன் சொல்லலை?”

“நீ அவ்வளவு சந்தோஷமா ஊத்திக்கிட்டு இருந்தே. ரெண்டு குவளைதானேன்னு பார்த்தேன்.”

அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர்மேலா, தன்மேலா என்று தெரியவில்லை. கண் நிறைந்துவிட்டது.

“இனிமே சுட்டா சொல்லணும். என் மூஞ்சியைப் பார்க்கக் கூடாது.”

“சரிடா.”

வலது பாதத்தில் முதல் குவளையை ஊற்றினான்.

“இதமா...” என்று வழக்கம்போலத் தொடங்கிய அப்பா நிறுத்திக்கொண்டார். பிறகு, தயங்கித் தயங்கி, “கொஞ்சம் சூடா இருக்குடா” என்றார்.

அக்கா பெட்டியை எட்டிப் பார்த்தாள். “முப்பத்தெட்டுதானே காட்டுது?”

“சூடா இருக்குங்கறாரு இல்ல?” என்றபடி அவன் எழுந்துபோய், இன்னும் ஒரு குவளை பச்சைத் தண்ணீரைக் கலந்தான்.