இருநூற்றுப் பதினான்காம் பக்கத்துப் பீச் பழம்

1

இந்தக் கதை ஒரு நட்சத்திரத்திலிருந்து பிறந்தது. வானத்து நட்சத்திரம் அல்ல. இணையப் புத்தகக் கடையில் வாசகர்கள் ஐந்துக்கு இத்தனை என்று போடுவார்களே, அது. போட்டவர் பெயர் தோ க்யூசிக். வயது அறுபத்தேழு, கொரியாவின் குன்சான் ஊரில் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். என் நாவலுக்கு முதலில் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார். பதினோரு நாள் கழித்து அதை ஒன்றாகக் குறைத்துவிட்டு ஒரே வரி எழுதினார்: "இந்த அம்மா எழுதினபடி செய்தேன்."

நான் யாரையும் எதையும் செய்யச் சொன்னதாக நினைவில்லை. நாவல்தான் எழுதினேன்.

2

நாவலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பெரிய விஷயம் ஒன்றுமில்லை. கணவனை இழந்த ஒருத்தி. அவள் வீட்டு ரைஸ் குக்கர், எங்கள் நாட்டில் எல்லார் வீட்டுக் குக்கரையும் போல, வேலை முடிந்ததும் "சோறு தயார், நன்றாகக் கிளறிவிடுங்கள்" என்று பேசும். ஒரு நாள் அது செத்துப்போன கணவனின் குரலில் பேச ஆரம்பிக்கிறது. முந்நூறு பக்கம் பேசுகிறது. கடைசியில் எல்லாருக்கும் மனம் ஆறிவிடுகிறது.

எங்கள் ஊர்ப் புத்தகக் கடைகளில் இந்த வகைக்குத் தனி மேசையே உண்டு. அட்டையில் மஞ்சள் விளக்கு எரியும் சின்னக் கடையும் வாசலில் ஒரு பூனையும் இருக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். என் நாவலில் கடையும் கிடையாது, பூனையும் கிடையாது. அட்டையில் இரண்டும் உண்டு.

வாசகர்கள் சொன்னவற்றில் சில:

ஐந்து நட்சத்திரம். "சுரங்க ரயிலில் அழுதுகொண்டே படித்தேன். இறங்க வேண்டிய இடம் போய்விட்டது. அலுவலகத்தில் திட்டு. பரவாயில்லை."

ஒன்று. "என் வீட்டுக் குக்கரும்தான் பேசுகிறது. எனக்கு ஒன்றும் ஆறவில்லை."

இரண்டு. "பூனை எங்கே?"

நான்கு. "மாமியாருக்குக் கொடுத்தேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மாமனாரின் சட்டையை எடுத்துக் காட்டினார்."

(இந்த நான்காவதை அச்செடுத்து, குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒன்றாவதை மனப்பாடமாகவே சொல்வேன்.)

3

இனி தோ க்யூசிக்கின் கதைக்கு ஒரு தொடக்கம் வேண்டும்.

"மழை விடாமல் பெய்துகொண்டிருந்த அந்த மாலையில், முதியவர் தன் மனைவியின் புகைப்படத்தை —"

வேண்டாம். அன்று மழையே இல்லை. அவரும் தன்னை முதியவர் என்று சொன்னால் சண்டைக்கு வருவார்.

"இழப்பு என்பது ஒரு —"

இப்படித் தொடங்கும் எதையும் நானே காசு கொடுத்து வாங்கமாட்டேன்.

சரி, என் தப்பிலிருந்தே தொடங்குகிறேன். நாவலின் இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில் கணவனின் திதி வருகிறது. அவள் சோறும் மீனும் ரசமும் வைத்து, ஆவி உள்ளே வர வாசற்கதவைத் திறந்துவிடுகிறாள். பழத் தட்டில், அவனுக்குப் பிடிக்குமே என்று, பீச் பழம் வைக்கிறாள். அவன் வருகிறான், சாப்பிடுகிறான், போகிறான். வாசகர்கள் அழும் இடம் அது.

இன்னொரு பாதி வாசகர்கள் சிரித்த இடமும் அதுதான். பீச் பழம் ஆவியை விரட்டும். அதைத் திதிப் படையலில் வைக்கவே கூடாது. கொரியாவில் பிறந்த யாருக்கும் இது தெரியும்.

எனக்குத் தெரியாது. எங்களுடையது மூன்று தலைமுறையாகச் சர்ச்சுக்குப் போகிற வீடு. திதி கிடையாது, பாட்டும் ஜெபமும்தான். படையல் படம் ஒன்றை இணையத்தில் பார்த்து எழுதினேன். படத்தில் பேரிக்காய் இருந்தது. பேரிக்காய் சப்பென்று இருக்கிறதே என்று நான்தான் மாற்றினேன்.

என் பதிப்பாசிரியர் ஹேவொனைக் கேட்டேன். அவள் வீட்டில் வருஷத்துக்கு ஏழு திதி.

"நீயாவது கவனிச்சிருக்கலாம்ல?"

"அக்கா, பொறந்ததுலேர்ந்து நான் அடுப்படியில உக்காந்து பஜ்ஜி சுட்டுட்டு இருக்கேன். படையல அடுக்குறதெல்லாம் சித்தப்பாங்க. அந்த மேசைய முன்பக்கமாப் பாத்ததே இல்ல."

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: ஒரு விமர்சகர் அந்தப் பழத்தை "மரபின் முகத்தில் வீசப்பட்ட துணிச்சலான குறியீடு" என்று பாராட்டி எழுதினார். வானொலிப் பேட்டியில் கேட்டபோது நான் அடக்கமாக "ஆமாம்" என்றேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

4

குன்சானில் ஒரு சின்னப் புத்தகக் கடையில் வாசகர் சந்திப்பு. இருபது நாற்காலி, பதினேழு பேர். கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் என் புத்தகம், நடுவில் பேருந்துச் சீட்டு ஒன்று அடையாளமாக நீட்டிக்கொண்டிருந்தது.

"எழுத்தாளரம்மா, நான்தான் அந்த ஒத்த நட்சத்திரம்," என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது.

"எங்க வீட்டுக்காரி பேரு சுனிம். பீச்னா அவளுக்கு உசுரு. ஆஸ்பத்திரில கடைசி வாரம் பூரா அதையேதான் கேட்டா. சக்கரை இருக்கு, கூடாதுன்னுட்டாங்க. நானும் வாங்கித் தரல. சரியாயிட்டு வா, கூடையோட வாங்கித் தரேன்னேன்."

புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார்.

"உங்க புத்தகத்தப் படிச்சேன். அட, இப்படிக் குடுக்கலாமேன்னு தோணுச்சு. இந்த வருஷத் திதிக்கு அஞ்சு பழம் வச்சேன். எங்க அக்கா வந்து பாத்தா. 'ஏண்டா, பொண்டாட்டி வரவேணாம்னா நேரா சொல்லிட்டுப் போயேன். பீச்சப் பாத்தா ஆவி அண்டுமா? வயசாச்சே தவிர உனக்கு வெவரம் வரல'ன்னு தட்டோட தூக்கிட்டுப் போயிட்டா."

முன்வரிசைப் பெண் ஒருத்தி திரும்பி, "ஐயா, அது வெறும் கதைதானே," என்றாள்.

"கதைன்னுதாம்மா நம்பினேன். செய்தின்னா நம்பியிருக்க மாட்டேன்."

பிறகு என்னைப் பார்த்தார். "முப்பத்தாறு வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன். நிறுத்தத்துல நிக்கிற ஆள விட்டுட்டுப் போனதில்ல. சொல்லுங்க, அவ வாசல் வரைக்கும் வந்து, பழத்தப் பாத்துட்டுத் திரும்பிட்டாளா?"

நான் மரபு என்றேன். குறியீடு என்றேன். பிரதி வாசகனிடம் விடும் இடைவெளி என்றுகூடச் சொன்னேன்.

"அது சரிம்மா. அவ வந்தாளா, வரலையா?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்ட பக்கத்தில் என் தொலைபேசி எண்ணையும் எழுதிக் கொடுத்தேன், குற்ற உணர்வில். அவர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "அடுத்த திதிக்குக் கூப்பிடறேன்," என்றார்.

5

அன்றிலிருந்து அவருக்கு ஒரு பதிலாகத்தான் இந்தக் கதையை எழுதிப் பார்க்கிறேன். முடிவுகள் வரிசையில் நிற்கின்றன.

முடிவு அ. அடுத்த திதி. அவர் வீட்டுக் குக்கர் சுனிமின் குரலில், "பழம் இனிப்பா இருந்துச்சு" என்கிறது. இதை ஏற்கனவே முந்நூறு பக்கத்துக்கு எழுதிவிட்டேன். அதனால் வந்த வினைதான் இது.

முடிவு ஆ. அக்கா மனம் மாறி, தன் கையாலேயே ஒரு பீச் பழத்தைக் கொண்டுவந்து படையலில் வைக்கிறார். இருவரும் அழுகிறார்கள். இதற்கு ஐந்து நட்சத்திரம் நிச்சயம். ஆனால் தட்டோடு தூக்கிக்கொண்டு போகும் ஒருவர் பன்னிரண்டு மாதத்தில் இப்படி ஆவார் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. (அவரை நான் பார்த்ததுகூட இல்லை. என்றாலும் கொஞ்சம் பயம் இருக்கிறது.)

முடிவு இ. அவர் முறைப்படி பேரிக்காய் வைக்கிறார். சுனிம் வருகிறாள். பேரிக்காயைப் பார்க்கிறாள். அப்போது அவள் முகம் —

இதை எழுத முடியவில்லை. மூன்று நாள் முயன்றேன்.

இதற்கிடையில் ஹேவொன் வேறு. "அக்கா, ஆறாம் பதிப்பு அச்சுக்குப் போகுது. பேரிக்காய்னு மாத்திரவா? ஒரே ஒரு சொல்லுதான். யாரும் கண்டுக்க மாட்டாங்க."

"ஒருத்தர் கண்டுக்குவார்," என்றேன். "கொஞ்சம் பொறு."

6

இன்று காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

"எழுத்தாளரம்மா, நான் தோ க்யூசிக். பழக்கடையில நிக்கிறேன். இன்னிக்குத் திதி. பீச்சும் வந்திருக்கு, பேரிக்காயும் இருக்கு. எத வாங்கட்டும்?"

"அக்கா வர்றாங்களா?"

"வராம? ஆறு மணிக்கு முதல் ஆளா வந்துருவா."

விமர்சகரின் வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. பற்பசையோடு சேர்த்துத் துப்பினேன்.

"ஐயா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். பீச் வைக்கக் கூடாதுன்னே எனக்குத் தெரியாது. குறியீடுன்னு சொன்னதெல்லாம் பொய். எங்க வீட்டுல திதியே கிடையாது. அது மட்டுமில்ல. எனக்குன்னு இதுவரைக்கும் யாரும் சாகவே இல்ல. அம்மா, அப்பா, எல்லாரும் இருக்காங்க. தெரியாமத்தான் எழுதினேன். என்ன மன்னிச்சிருங்க."

கடைக்காரப் பெண் யாரிடமோ, "அழுத்திப் பாக்காதீங்க, கன்னிப் போயிரும்," என்று சொல்வது மட்டும் கேட்டது.

"தெரியும்மா," என்றார் அவர். "படிக்கிறப்பவே தெரிஞ்சுது."

காது சுட்டது. "அப்புறம் ஏன் என்கிட்டப் போயி கேக்குறீங்க?"

"வேற யாரக் கேக்க? டாக்டருக்கு வெவரம் தெரியும், குடுக்காதேன்னாரு. அக்காவுக்கு வெவரம் தெரியும், வைக்காதேங்குறா. எனக்கும் வெவரம் தெரியும், அதான் ஒரு வாரம் கெஞ்சினவளுக்கு ஒரு துண்டு குடுக்கல. வெவரம் தெரியாத ஒரே ஆளு நீங்கதான். உங்க புத்தகத்துல மட்டுந்தான் அந்த மனுசனுக்குப் புடிச்சது கெடைச்சுது."

குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்பதை மறைக்கப்போவதில்லை. யாரும் சாகாத எனக்கு, பார்த்தே இராத சுனிமுக்காக அழுகை வந்தது.

"இருக்கீங்களா?" என்றார். "சீக்கிரம் சொல்லுங்க, கடைக்காரம்மா பை விரிச்சு வச்சிக்கிட்டு நிக்குது."

7

நான் ஒரு பழத்தின் பெயரைச் சொன்னேன். "சரி," என்றவர், பக்கத்தில் திரும்பி, "நல்லதா அஞ்சு போடும்மா," என்றார். தொடர்பு அறுந்தது.

எதைச் சொன்னேன் என்று எழுதமாட்டேன். நான் எழுதுவதை நம்பி யாராவது கடைக்குப் போய்விடுகிறார்கள். ஹேவொனுக்கும் இன்னும் பதில் சொல்லவில்லை.

மாலை ஆறு மணிக்கு அக்கா வருவார். அதற்குள் கதவு திறந்திருக்க வேண்டும், மேசையில் ஐந்து பழம் இருக்க வேண்டும். எதை என்று, படிக்கிற நீங்களே பார்த்து வையுங்கள். உங்களுக்கு வழக்கம் தெரியும். சுனிம் ஒரு வாரம் எதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள் என்பதும் தெரியும்.