ஒத்து ஊதுகிறவன்

…விட்டுவிடக் கூடாது, மூக்கால் இழு, கன்னத்தில் நிரப்பி வைத்திருப்பதை வெளியே தள்ளு, இழு, தள்ளு, இப்போது விட்டால் அந்தப் பெட்டி ஜெயித்துவிடும், காலால் மிதித்தால் ஒரு ஸ்வரத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்கிற அந்தத் தகரப் பெட்டி, அதோ ஷூஷானின் பூட்ஸுக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிய உட்கார்ந்திருக்கிறது, என்னைத்தான் பார்க்கிறது. அவள் கிட்டார்க் கம்பியைத் தட்டக்கூட இல்லை, சும்மா தடவினாள், எங்கே தொடங்கியதென்றே தெரியாமல் ஒரு நாதம் வந்தது, கதவடியில் பனிமூட்டம் நுழைகிற மாதிரி வந்து ஒத்திகைக் கூடம் முழுக்க நிரம்பியது, பெட்டியை மிதித்தாள், கையை எடுத்துவிட்டாள், கையை எடுத்துவிட்டு இப்போது காபியை ஊதி ஊதிக் குடிக்கிறாள், ஸ்வரம் அதுபாட்டுக்கு நிற்கிறது! அடிப் பாவி, நான் இங்கே இதே ஒரு ஸ்வரத்துக்குக் கன்னம் கடுக்க, காது அடைக்க, டுடுக் குழலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், நீ காபி குடிக்கிறாய். என் இடது முழங்காலில் செட்ராக்கின் வலது முழங்கால் இடித்துக்கொண்டிருக்கிறது, நாங்கள் எப்போதும் இப்படித்தான் உட்காருவோம், சாவு வீடானாலும் மேடையானாலும், அவன் ராகத்தை ஊதுவான், நான் அடியில் ஒத்து ஊதுவேன், ஒரே ஸ்வரம், ஆரம்பத்திலிருந்து முடிவு வரை, கண்ணை மூடிக்கொண்டு ஊதுகிறவனுக்கு முழங்கால்தான் பேச்சு, ஒரு அழுத்தம் என்றால் 'வா', இரண்டு என்றால் 'முடிக்கப் போகிறேன்'. இன்றைக்கு இதுவரை அந்த முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை.

மத்தியானம் சாப்பிடும்போதே சொல்லிவிட்டாள், ஒளிவு மறைவு இல்லாத பெண், அப்பன் செட்ராக்கைப் போலவே. லவாஷ் ரொட்டியைக் கிழித்துக்கொண்டே, "மாமா, கோச்சுக்காதீங்க, ஒத்த நான் கிட்டார்லயே புடிச்சுக்கிறேன், நீங்க எதுக்குக் கஷ்டப்படணும்?" என்றாள். கஷ்டமா? நான் கஷ்டம் என்று யாரிடம் சொன்னேன்? செட்ராக் வாய் நிறைய பாலாடைக்கட்டியோடு, "அடியே, இவன் கிட்ட பொறுப்ப குடுத்துட்டுதான் நான் மேல சுத்திட்டு வரேன், இவன் இல்லன்னா நான் நூலறுந்த பட்டம்டி" என்றான். "அப்பா, கிட்டார் மூச்சு வாங்காது. நின்ன எடத்துல நிக்கும்." "மூச்சு வாங்காம நின்ன எடத்துல நிக்கிறது நம்மூர்ல ஒரே ஆளுதான். பொணம்." எங்கள் க்யூம்ரி ஊர்க்காரன் வாயில் பிணமும் தமாஷ்தான், நானும் சிரித்தேன், சிரிக்காமல் என்ன செய்வது, ஆனால் அவள் சிரிக்கவில்லை. "சரி, இன்னிக்கு மூணு பேரும் சேர்ந்து ஒரு தடவ பாப்போம். ஒட்டுச்சுன்னா மூணு பேரா டிபிலிசி கச்சேரிக்குப் போவோம், அப்புறம் பெர்லின். ஒட்டலன்னா நானும் அப்பாவும். என்ன மாமா?" என்ன மாமாவாம். ஆட்டுக்குட்டியிடம் கேட்டுவிட்டா அறுக்கிறார்கள்? "உன் இஷ்டம்மா" என்றேன், பிறகு தேநீரில் சர்க்கரையைப் போட்டேனா இல்லையா என்று தெரியாமல் இன்னொரு தடவை போட்டேன்.

இழு… தள்ளு… தோளை உயர்த்தாதே. நான் கிளம்பும்போது என் பெண்டாட்டி நுவார்த் என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே நூலைப் பல்லால் கடித்தாள், "ஒத்து ஊதப் போறவனுக்கே ஒத்துக்கு மெஷின் வந்துருச்சாக்கும்" என்றாள், அவள் குத்தலாகச் சொல்லவில்லை, பயத்தில் சொன்னாள், அவள் பயந்தால் வாய் இப்படித்தான் போகும். ரஷ்யாவில் கிராஸ்னதாரிலிருந்து என் தம்பி வாரம் தவறாமல் கூப்பிடுகிறான், "அண்ணே, ஐஸ் உருகினதும் வந்துரு, ரோட்டுக்குத் தார் போடுற வேல, என்கூடவே தங்கிக்கலாம்", ஊரில் பாதி ஆண்கள் அப்படித்தான் போகிறார்கள், வசந்தத்தில் போய்ப் பனியில் வருகிறார்கள், சிலர் வருவதில்லை. செட்ராக்குக்கு முன்பு ஒத்து ஊதினவனும் அப்படிப் போனவன்தான், அந்த இடத்துக்குத்தான் நான் வந்தேன். போகலாம்தான்… ஆனால் அங்கே போய் நான் யார்? இங்கே சந்தையில் நடந்தால், 'செட்ராக்கோட ஒத்துக்காரர்' என்பார்கள், என் பெயர் ரஸ்மிக் என்று பாதிப் பேருக்குத் தெரியாது, தெரியாவிட்டால் என்ன, அதுதான் என் பெயர். தார்ச்சட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்கு அதுகூடக் கிடையாது.

அப்புறம் இன்னொன்று இருக்கிறது, ஷூஷானுக்குத் தெரியாது, செட்ராக்குக்கே தெரியாது, எனக்கு மட்டும் தெரியும். செட்ராக்கின் சுருதி ஏறும். ஊத ஊத மரம் சூடேறி, சீவாளி சூடேறி, மயிரிழை மயிரிழையாக மேலே போவான், தான் போவது தெரியாமல் போவான். இரண்டு டுடுக் அப்படி விலகினால் நடுவில் ஒரு நடுக்கம் வரும், வொய்ங் வொய்ங் என்று, பல்வலி மாதிரி. அது வந்ததுமே நான் உதட்டை இறுக்கி மேலே போய் அவனோடு சேர்ந்துகொள்வேன், நடுக்கம் அடங்கிவிடும், கேட்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இத்தனை வருஷமாக அவனைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன், ஒரு நாள் சொல்லிக்காட்டியதில்லை. ரொட்டிக்கடை யெப்ரெமை அடக்கம் பண்ணின அன்று கல்லறை மேட்டில் சவப்பெட்டிக்குப் பின்னால் ஊதிக்கொண்டு ஏறுகிறோம், சுருதி ஏறிக்கொண்டே போகிறது, கடைசியில் யெப்ரெமின் தம்பி, அழுதுகொண்டிருந்தவன், செட்ராக்கின் தோளைத் தட்டி, "மெல்ல, மெல்லய்யா, எங்கண்ணனுக்கு முன்னாடி நீ மேல போயிறாத" என்றான், அந்தத் துக்கத்திலும் நாலு பேர் முகத்தைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டார்கள். செட்ராக் என்னைப் பார்த்தான், பிறகு அவர்களைப் பார்த்து, "குளிர்ல மரம் அப்படித்தாம்பா, மன்னிச்சுக்கோ" என்றான். பாவம் என்று நினைத்தேன். பழியை ஏற்றுக்கொள்கிற பெருந்தன்மை இருக்கிறது, காது மட்டும் இல்லை என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் நுவார்த்திடம்கூடச் சொன்னேன், "நான் இல்லன்னா இவன் கதி என்ன ஆகும்?" அவள் உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டு, "அவரு என்ன சொன்னாரு?" என்று கேட்டாள். அவன் என்ன சொல்வான், அவனுக்குத்தான் தெரியாதே.

அழகாகத்தான் இருக்கிறது, சனியன், அதுதான் நெஞ்சை அறுக்கிறது. மட்டமாக இருந்தால் எழுந்து போய்விடலாம். கிட்டார் அடியில் அகலமாகப் பரவிக் கிடக்கிறது, கூடத்தின் சுவரில் நிலநடுக்கம் விட்டுப்போன அந்த விரிசல் வரை போய்த் திரும்பி வருகிறது, அதன்மேல் செட்ராக் மெதுவாக, அவசரமே இல்லாமல், வழக்கமாக மூச்சு முட்டுகிற இடத்தில்கூட நிதானமாக, இவன் எப்போது இப்படி ஊதினான்? சாவு வீட்டில் அழுகிறவர்களுக்காக ஊதுவான், கலியாணத்தில் குடித்தவர்களுக்காக ஊதுவான், இன்றைக்கு யாருக்காகவும் இல்லாமல் ஊதுகிறான், வயது குறைந்த மாதிரி இருக்கிறது… எனக்கு அழுகை வருகிறது, அழுதால் மூச்சு போய்விடும், இழு, தள்ளு. அப்போது வந்தது. வொய்ங். லேசாக. நான் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், சூடேறுகிற நேரம் இதுதான். வொய்ங்… வொய்ங்… ஏறிவிட்டான். ஏறினால் கிட்டார் கூடவே வராது, பெட்டிக்குள் அடைத்த ஸ்வரம் ஆணி அடித்த மாதிரி அங்கேயே நிற்கும், அவள்தானே சொன்னாள், நின்ன எடத்துல நிக்கும் என்று. ஷூஷான் காபிக் கோப்பையை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்கிறாள். இப்போது நான் என்ன செய்ய? அவனோடு மேலே போனால் நாங்கள் இரண்டு பேரும் ஒரு பக்கம், கிட்டார் ஒரு பக்கம், ஒட்டவில்லை என்று என்னைத்தான் இறக்கிவிடுவாள். கிட்டாரோடு கீழே நின்றால் அவன் மட்டும் அந்தரத்தில் மாட்டிக்கொள்வான், பெற்ற பெண்ணின் முன்னால். அல்லது… விட்டுவிட்டால்? ஒரே ஒரு நிமிஷம் உதட்டை எடுத்துவிட்டால்? கேட்கட்டுமே. ரஸ்மிக் இல்லாமல் இவன் எப்படி நடுங்குகிறான் என்று பெண்ணும் கேட்கட்டும், அவனும் கேட்கட்டும், அப்புறம் டிபிலிசிக்கு யார் போவது என்று பேசுவோம். கெட்ட எண்ணம்தான். தெரிந்தேதான் எடுத்தேன்.

நடுக்கம் நின்றுவிட்டது.

நான் காத்திருந்தேன், மறுபடி வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. செட்ராக்கின் ஸ்வரம் ஒரு கணம் மேலே தடுமாறியது, பிறகு மெல்ல இறங்கிக் கிட்டாரின் மேல் போய் உட்கார்ந்தது, மூட்டையை இறக்கி வைத்தவன் திண்டில் சாய்கிற மாதிரி. சுத்தமாக. ஒரு கீறல் இல்லாமல். அங்கேயே நின்றான், சுற்றிவிட்டு வந்தான், மறுபடி அதே இடத்தில் நின்றான், மரம் சூடுதான், சீவாளி சூடுதான், அவன் ஏறவில்லை. அப்படியானால் ஏறினது யார்? என் கையில் இருக்கும் டுடுக்கைப் பார்க்கிறேன், சீவாளியின் நுனியில் எச்சில் மினுங்குகிறது. இல்லை, இருக்காது… கிட்டார் அவனை இழுத்துப் பிடித்திருக்கும்… கிட்டாருக்கு எங்கே காது இருக்கிறது? போன புதுவருஷத்துக்கு ஒரு சீவாளி கொண்டுவந்து கொடுத்தானே, "இத வெச்சுக்கடா, கொஞ்சம் தாழ்வா பேசும்" என்று, எனக்கு ரோஷம் வந்துவிட்டது, "என் சீவாளிக்கு என்ன கேடு?" என்றேன், "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்று அதைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் தன் சீவாளியின் சுருதி வளையத்தை ஒரு நூல் நகர்த்துவான், கை சும்மா இருக்காத ஆள் என்று கிண்டல் பண்ணியிருக்கிறேன், எனக்காகவா நகர்த்தினான்? யெப்ரெமின் கல்லறை மேட்டில் என்னைப் பார்த்தானே, அந்தப் பார்வை… குளிர்ல மரம் அப்படித்தாம்பா. ஐயோ, நுவார்த் அன்றைக்கே கேட்டாளே, அவரு என்ன சொன்னாரு என்று.

முழங்கால் அழுத்துகிறது. ஒரு அழுத்தம். வா. கண்ணைத் திறக்கவில்லை அவன், புருவம்கூட அசையவில்லை, முழங்கால் மட்டும் வா என்கிறது. எதற்கு வரச் சொல்கிறாய்? இப்படியே சுகமாக ஊதிக்கொண்டு போயேன், டிபிலிசிக்குப் போயேன், பெர்லினுக்குப் போயேன், நான் இல்லையென்றால்தான் உனக்கு இவ்வளவு லேசாக இருக்கிறதே… இல்லை, நிஜமாகவே நான் வேண்டுமா உனக்கு? அல்லது இதுவும் அந்தச் சீவாளி மாதிரியா, சும்மாதானா? மறுபடி அழுத்துகிறான், இன்னும் கொஞ்சம் பலமாக. டுடுக்கை உதட்டுக்குக் கொண்டுபோகிறேன். எந்த இடத்தில் சேருவது? கிட்டார் நிற்கிற இடத்திலா? அங்கே நிற்க எனக்குத் தெரியுமா, நிற்பதாகத்தானே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்? மூக்கால் இழுத்தேன், அந்தச் சத்தம் அவன் காதில் விழுந்திருக்க வேண்டும், நான் இன்னும் ஊதவில்லை, உதடு சீவாளியில் பட்டதோடு சரி, அதற்குள் செட்ராக்கின் ஸ்வரம் கிட்டாரை விட்டு மயிரிழை மேலே ஏறி, அங்கே எனக்காக நின்றது. வொய்ங் என்றது கூடம். ஷூஷான் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்துத் திரும்பிப் பார்த்தாள், அவள் அப்பாவை.