முச்சந்தியில் போடாத கற்றாழை

"காப்பாத்தாததை எதுக்கு வாசல்ல தொங்கவிடணும்? முச்சந்தியில போட்டுட்டு வா" என்றார் என் மாமியார். நெமிலிச்சேரியில் இந்த ஃப்ளாட்டுக்குக் குடிவந்த அன்று, என் கணவன் பிரசன்னா திருஷ்டிக்காகத் தலைகீழாகக் கட்டிய கற்றாழை அது. பாடி மேம்பாலத்தில் லாரி மோதி அவன் இறந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. அந்தச் செடிக்கு ஒருவரும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. அதுவும் சாகவில்லை.

நான் சாவு வீட்டிலேயே அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று உறவில் பேர் வாங்கிவிட்டேன். அத்தை சொன்னதும் கற்றாழையின் கயிற்றை அறுத்தபோதும் அப்படித்தான். அவன் போட்ட முடிச்சு, அவ்வளவுதான்.

பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்பினேன். முச்சந்தி வந்தது. நாலாம் வகுப்புக்கு அன்றைக்கு வறட்சியைத் தாங்கும் செடிகள் பாடம். காட்டுவதற்குக் கையில் வேறெதுவும் இல்லை. சாயங்காலம் போட்டுக்கொள்ளலாம் என்று நடந்தேன்.

"கள்ளிக்கு இலையே முள்ளாயிடும். தண்டுதான் தண்ணித் தொட்டி. கற்றாழை இலைக்குள்ளயே சேர்த்து வெச்சுக்கும். தண்ணி இல்லன்னா, அடி இலையைக் காயவிட்டு நடுக்குருத்தைக் காப்பாத்தும்" என்றேன்.

"அதுக்கு தாகமே எடுக்காதா மிஸ்?" என்று ஷாரன் கேட்டாள்.

"எடுக்கும். இருக்கிறதை வெச்சு ஓட்டும்."

"எவ்ளோ நாளு?"

எனக்குத் தெரியவில்லை. புத்தகத்திலும் இல்லை.

ஜெர்வின் எங்கிருந்தோ ஒரு பெயின்ட் டப்பா கொண்டுவந்தான். "இதுல வெச்சிப் பாக்கலாம் மிஸ், உயிரோட கீதான்னு." மண் போட்டு நட்டார்கள். ஒரு வாரம் தண்ணீர் காட்டக்கூடாது, அழுகிவிடும் என்று சொல்லிவைத்தேன்.

"போட்டுட்டியா?" என்று அத்தை கேட்டபோது, "போட்டாச்சு" என்றேன்.

பிள்ளைகள் தண்ணீர் விஷயத்தில் சொன்ன பேச்சைக் கேட்டார்கள். ஆனால் தினமும் பிரேயர் முடிந்ததும் வேர் வந்துவிட்டதா என்று பிடுங்கிப் பார்த்தார்கள். "தெனம் புடுங்கினா எந்தச் செடி வேர் விடும்?" என்று சத்தம் போட்டு நிறுத்தினேன். மறுநாள் அவர்கள் வருமுன்னே போய் நானே பிடுங்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

நாலாவது வாரம் ஷாரன் ஓடிவந்தாள். "இஸ்தா வர மாட்டேங்குது மிஸ்."

நானும் மெல்ல இழுத்தேன். வரவில்லை. மண்ணைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. கையை எடுக்க எனக்கு நேரமாயிற்று.

சாயங்காலம் அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "அத்தை, அதை நான் போடல. ஸ்கூல்ல நட்டோம். வேர் பிடிச்சிருச்சு" என்றேன்.

அவர் கை நின்றது. திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

"ரொம்பத் தண்ணி ஊத்திடாதீங்க" என்றார். கீரையைத் தள்ளி வைத்தார். "நாளைக்கு நானும் வந்து பாக்கட்டுமா பவ்யா?"

எனக்கு அழுகை வந்தது.