மூன்றாம் துருசு

1.

இந்தக் கதை ஒரு கைநூலின் ஒன்பதாம் பக்கத்திலிருந்து எனக்குக் கிடைத்தது. சொன்னால் சிரிப்பீர்கள்: எண் போட்ட ஒரு பட்டியல், நான்கே வரிகள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "வாவியின் மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்த..." [வேண்டாம். தக்ஷாயினியின் அலுவலகத்துக்கு வாவிப் பக்கம் சன்னலே இல்லை.] அடுத்து: "மென்பொருள் ஆவணத்துக்கான குறிமொழியைத் தேர்வதென்பது..." [இரண்டாம் வரிக்கு நீங்கள் இருக்கமாட்டீர்கள்.]

ஆகவே நேராகவே சொல்கிறேன். தக்ஷாயினி மட்டக்களப்பு நகரில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் கைநூல் எழுதுபவள். வவுணதீவுப் பக்கம் ஒரு குளத்தின் துருசுகளை, அதாவது மதகுகளை, கைபேசியால் திறந்து மூடும் மென்பொருள் அவர்களுடையது. எண்ணை அழுத்தினால் அந்தத் துருசு திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடும். கைநூல் எழுநூறு பக்கம், மூன்று மொழிகளில். இது தலைப்பு, இது பட்டியல் என்று கணினிக்குச் சொல்லும் குறிமொழி எதுவாக இருக்க வேண்டும் என்பதை அவள் வெள்ளிக்கிழமைக்குள் முடிவு செய்தாக வேண்டும்.

அதுவரை இருந்தது மார்க்டவுன். அவளே தேர்ந்தது. அந்தக் குளத்து வயல்வெளியான வட்டையின் தண்ணீர்முறையைப் பார்க்கும் வட்டைவிதானை கதிர்காமத்தம்பி இரண்டே நாளில் அதைப் பழகி, கைபேசியிலிருந்தே அவளுடைய பிழைகளைத் திருத்தத் தொடங்கியிருந்தார். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

2.

அந்தக் குளத்தின் துருசுகள் ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து. மூன்றாவது ஒரு வெள்ளத்தில் உடைந்து, மண் போட்டு மூடியாயிற்று. தக்ஷாயினி சரியாகத்தான் தட்டினாள்:

1. கிழக்கு வாய்க்கால்
2. நடு வாய்க்கால்
4. ஆலையடி வாய்க்கால்
5. மேட்டு வாய்க்கால்

மார்க்டவுன் முதல் எண்ணை மட்டுந்தான் பார்க்கும். மற்றவற்றைத் தானே எண்ணிப் போட்டுக்கொள்ளும். பக்கத்தில் வந்தது ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மேட்டு வாய்க்கால் சத்தமில்லாமல் நான்காகிவிட்டது.

ஒத்திகை வாரத்தில் ஒரு நாள் கதிர்காமத்தம்பி கண் கிளினிக்குக்குப் போயிருந்தார். மேட்டு வாய்க்காலைத் திறக்கும்படி அங்கிருந்து சொன்னார். தக்ஷாயினி தன் பக்கத்தைப் பார்த்து நாலு என்றாள். மென்பொருள் எழுதிய உதயரூபன் நாலை அழுத்தினான். தண்ணீர் ஆலையடிக்குப் போனது. அங்கே வயல் செய்யும் சின்னத்தங்கத்தின் வேளாண்மை, விளைந்த நெற்கதிர், அறுவடை மெசின் இறங்காத மூலையென்று கையால் வெட்டி, கட்டாமல் கிடந்தது. ஒரு மணிநேரத்துக்குள் மிதந்தது.

(சின்னத்தங்கம் ஏசுவதை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றும் பொய். அவள் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கி அள்ளத் தொடங்கினாள். செய்தி கேட்டு ஓடிப்போன தக்ஷாயினியும் இறங்கினாள். வெட்கத்தில் அவளால் முகம் நிமிர்த்த முடியவில்லை.)

4.

மூன்றைத் தேட வேண்டாம். எழுதினேன், எடுத்துவிட்டேன்.

உதயரூபன் ஆஸ்கிடாக் என்ற மொழியைச் சொன்னான். குறிகள் கூடுதல், கண்டிப்பும் கூடுதல். அதே பட்டியலை அதில் ஓட்டிக் காட்டினான். வரிசையை அதுவும் மாற்றத்தான் செய்தது. ஆனால் வாய்விட்டுச் சொன்னது: மூன்றை எதிர்பார்த்தேன், நான்கு வந்தது. எழுநூறு பக்கத்துக்குச் சொல்லாமல் மாற்றும் மொழி வேண்டுமா, சொல்லிவிட்டு மாற்றும் மொழி வேண்டுமா என்று கேட்டான். [உதயரூபனை முதலில் கெட்டவனாக எழுதியிருந்தேன். அவன் கேட்டது நியாயம்.]

தக்ஷாயினிக்கும் அது நியாயமாகவே பட்டது. ஆனால் விதானையார் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும். அவர் அலுத்துப்போய் விட்டுவிட்டால், பிழை பிடிக்க வேறு ஆளில்லை.

துருசுகளுக்கே ஒன்று முதல் நான்கு வரை புது எண் போட்டுவிட்டால் எந்த மொழியிலும் தொல்லையில்லை என்றும் உதயரூபன் சொன்னான். அவள் தொலைபேசியில் விதானையாரிடம் கேட்டாள்.

"அது ஏலா புள்ள. மூண்டு உடைஞ்ச அண்டைக்கு அதில நிண்டவன் என்ட தம்பி தங்கராசா. மண் மூட்டையோட வெள்ளத்தில போனவன். அந்த நம்பர வேற ஒண்டுக்கு வைக்கிற எண்டா, நான் உங்கட போன் வேலையத் தொடமாட்டன்."

"எனக்குத் தெரியா விதானையார். மன்னிச்சுக்கொள்ளுங்க."

"தெரியாதான. மறுகா ஒண்டு, அந்தக் கதைய நீங்க எங்கயும் எழுத வேணாம்."

என் மூன்றாம் பகுதியில் அந்த வெள்ளம் இருந்தது. அதனால்தான் எடுத்தேன்.

5.

வெள்ளி காலை தக்ஷாயினி ஒன்பதாம் பக்கத்தைத் திறந்தபோது, யாரோ அதைத் திருத்தியிருந்தார்கள். இரண்டுக்கும் நான்குக்கும் நடுவில் ஒரு வரி:

3. தங்கராசா

கதிர்காமத்தம்பி தன் கைபேசியிலிருந்து போட்டது. இப்போது மார்க்டவுனில் நான்கு நான்காகவும் ஐந்து ஐந்தாகவும் நின்றன. ஆஸ்கிடாக்கில் ஓட்டினாள். அதுவும் முணுமுணுக்கவில்லை. உதயரூபன் அதைப் பார்த்துவிட்டு, கைநூலில் துருசு இல்லாத ஒரு பெயர் இருக்கக்கூடாது என்றான். விதி அதுதான். ஆனால் குரல் அடங்கியிருந்தது.

முடிவு அ: அவள் ஆஸ்கிடாக்குக்கு மாறுகிறாள். வரியை எடுத்துவிடுகிறாள். பட்டியலை ஓட்டும்போதெல்லாம் அது மூன்றை எதிர்பார்த்தேன் என்று சொல்கிறது. அவள் கேட்டுக்கொண்டே...

முடிவு ஆ: மார்க்டவுனிலேயே இருக்கிறாள். வரியும் இருக்கிறது. மீதிப் பக்கங்களில் எது சொல்லாமல் மாறியிருக்கிறதோ என்ற பயத்தோடு...

இரண்டையும் முடிக்க எனக்குக் கை வரவில்லை.

3.

இந்த எண்ணைக் கடைசியில் கொண்டுவந்து வைக்கிறேன். எழுதியிருந்ததெல்லாம் போய்விட்டது. தக்ஷாயினி எதைத் தேர்ந்தாள் என்பதை இதற்குக் கீழே நீங்கள் எழுதிக்கொள்ளலாம். எந்த மொழியானாலும் எனக்குச் சம்மதம். ஒன்று மட்டும்: பகுதிகளின் எண்களைத் திருத்தி வரிசையாக்கிவிடாதீர்கள். மூன்றில் ஒருவர் நிற்கிறார்.