டாங்கியின் வயிறும் பூஜையில் வைத்த அரிவாளும்

விஜயதசமி அன்று பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் குவார்ட்டர்ஸ் முன்னறையில் இருந்தவர்களும் அவரவர் இடமும் வருமாறு:

ஜன்னலோரம், பிரம்பு நாற்காலியில், நான். பெயர் உலகநாதன், ஆவடித் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. மடியில் பரீட்சை அட்டை, அட்டையில் வெள்ளைத்தாள், தாளில் தேதி மட்டும். சமையலறை வாசற்படியில், பாதி உள்ளே பாதி வெளியே, என் மனைவி வனஜா. ஸ்டூலின் நுனியில், கால்சட்டையின் இஸ்திரி மடிப்பு கலையக்கூடாதென்று விறைப்பாக, பக்கத்து வீட்டு மனோகரன்; திருநெல்வேலிக்காரர், இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. தரையில், காலை நீட்டிக்கொண்டு, தினமும் புல் கொண்டுவரும் முத்தாபுதுப்பேட்டைத் தாயம்மாள். எல்லாருக்கும் நடுவில், ஆப்பிள் பெட்டிக்குள், வைக்கோல்மேல், உருண்டையாக டாங்கி.

டாங்கி ஒரு கினிப்பன்றி. பெயர்தான் பன்றி. பார்த்தால் வாலையும் நீளக் காதையும் மறந்து படைத்த முயல்குட்டி மாதிரி இருக்கும். கால் வெளியே தெரியாது, ஆனால் நகரும். போர் டாங்கி செய்கிற தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் அதற்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

வைத்தவள் ஜமீலா. எதிர்வீட்டில் இருந்த சுலைமானின் மகள், ஒன்பது வயது. சுலைமானுக்கு நீலகிரியில் உள்ள அருவங்காட்டுக்கு மாற்றல். அங்கே வீடு ஒதுக்கும்வரை அதே ஊரில் மாமியார் வீட்டில் ஜாகை. அந்த வீட்டில் இரண்டு பூனைகள். ஆகவே டாங்கி எங்களிடம். லாரி கிளம்பும்போது ஜமீலா ஒரு முழுத்தாள் நிறைய விதிமுறை எழுதிக் கொடுத்தாள். வாயாலும் சொன்னாள்: "வாரா வாரம் லெட்டர் போடணும் அங்கிள். நல்லா இருக்குன்னு மட்டும் எழுதினா நம்ப மாட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை புழுக்கைன்னு எழுதணும்."

ஏழு கடிதம் எழுதிவிட்டேன். ஏழிலும் எண்ணித்தான் எழுதினேன். நூற்றுக்குக் குறைந்ததே இல்லை. எட்டாவதை அன்று மாலை மனோகரன் கையோடு கொண்டுபோவதாக ஏற்பாடு. அலுவல் விஷயமாக அவர் நீலகிரி எக்ஸ்பிரஸில் போகிறார். ஆவடியில் ஆறு பத்து மின்ரயிலைப் பிடிக்க வேண்டும்.

எழுதத்தான் ஒன்றுமில்லை. காலையிலிருந்து புழுக்கை பூஜ்யம். புல்லை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வயிறு மிருதங்கம் மாதிரி விறைத்திருந்தது. மூலையில் முதுகைக் குவித்து, மயிர் சிலிர்த்து, கண் பாதி மூடிக் கிடந்தது.

"நேத்து டாங்கிக்கு யார் யார் என்ன கொடுத்தீங்க? ஒளிக்காமச் சொல்லணும்" என்றேன்.

"என்ன வே, ஸ்டேஷன்ல வச்சு விசாரிக்க மாதிரி விசாரிக்கீரு?" என்றார் மனோகரன். "நான் ஒண்ணும் கொடுக்கல. ஒரு கை பொரி. பொரிங்கது என்ன, வெறும் காத்து."

"அதுல பொட்டுக்கடலை கலந்திருந்துச்சே அண்ணாச்சி" என்றாள் வனஜா.

"கலந்தது நீங்கதான தங்கச்சி? நீங்க என்ன கொடுத்தீங்க, அதைச் சொல்லுங்க."

"நான் சுண்டல் வடிக்கும்போது நாலே நாலு."

"நாலு கடலையா?" என்று கேட்டேன்.

"கரண்டி" என்று சொல்லிவிட்டு வனஜா முழுதாகச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

என் பங்கையும் சொல்லவேண்டும். பூஜை முடிந்து ஒரு தரம், மத்தியானம் தூங்கி எழுந்து ஒரு தரம். சுண்டல் வாங்க வந்தது பதினாறு வீட்டார். டாங்கியைப் பார்க்காமல் ஒருவரும் போகவில்லை. வெறுங்கையோடு பார்த்தவரும் இல்லை. வழக்கமாக அதற்கு எது கொடுத்தாலும் நோட்டில் குறித்துவைப்பேன். ஆனால் நேற்று நோட்டும் பேனாவும் சரஸ்வதி படத்தின் காலடியில் இருந்தன. மறுநாள் எடுக்கும்வரை எழுதக்கூடாது, படிக்கக்கூடாது. ஆகவே வந்தவர் அனைவரும் தாமே முதல் ஆள் என்று நினைத்துக்கொண்டார்கள். 'புல் மட்டும், வேறு எதுவும் வேண்டாம்' என்ற ஜமீலாவின் தாளும் அந்த நோட்டுக்குள்தான் இருந்தது.

தாயம்மாள் அதுவரை வெற்றிலையை மென்றுகொண்டிருந்தவள், ஜன்னல் வழியாகத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அதெல்லாம் கெடக்கட்டும் நைனா. புல்லு இன்னா ஆச்சு? பூஜைக்கு வர மாட்டேன்னு சொல்லிட்டுத்தானே போனேன்? ஊட்டுல அரிவாளு கீது, நானே அறுத்துக்கிறேன்னியே."

"அரிவாள் இருக்கு. அதைப் பூஜையில வச்சிட்டேன்."

"வெச்சா?"

"எடுக்கக் கூடாதே. சந்தனம், குங்குமம் எல்லாம் வச்சு..."

"ஊட்டச் சுத்தி மொழங்கால் ஒசரம் புல்லு கீது. கையால புடுங்குறதுக்கு இன்னா? கையையும் பூஜையில வெச்சிட்டியா?"

மனோகரன் சிரித்த சிரிப்பில் ஸ்டூல் சாய்ந்தது, அவரும் சாய்ந்தார். உள்ளேயிருந்து வனஜாவின் சிரிப்பும் கேட்டது. எனக்கே அடக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியைப் பார்த்தேன். மற்ற நாளாக இருந்தால், நாங்கள் சிரித்தால் டாங்கியும் 'வீக் வீக்' என்று விசிலடிக்கும். அன்று காதுகூட அசையவில்லை.

"இந்தாரும்" என்றார் மனோகரன், குரலைத் தாழ்த்தி. "நூறுன்னு எழுதிக் கொடும். நாளைக்கு அந்தப் பிள்ளை மூஞ்சில முழிக்கப்போறது நான். கேட்டா சமாளிச்சுக்கிடுதேன்."

"எண்ணாம எப்படி எழுத?"

"அப்ப சைபர்னு எழுதப்போறீரா? ஒம்பது வயசுப் பிள்ளைக்கு?"

பேனாவைத் திறந்தேன், மூடினேன். மாட்டு ஆஸ்பத்திரிக்கும் அன்று விடுமுறை. தாயம்மாள்தான் எழுந்தாள். "என் அக்கா மருமவன் வேம்புலி, அங்கதான் கம்பவுண்டரு. ஊட்டுலதான் கீறான். யண்ணாத்தே, வண்டிய எடு, இட்டாந்துடலாம்."

மனோகரனின் ஸ்கூட்டர் பூஜைக் கோலத்தில் நின்றது. முகமெல்லாம் சந்தனம், கைப்பிடியின் இரு பக்கமும் இரண்டு வாழைக்கன்று. தாயம்மாளை ஏற்றிக்கொண்டு அது கிளம்பியதைப் பார்த்தவர்கள் ஏதோ சாமி ஊர்வலம் என்று நினைத்திருப்பார்கள். அரைமணியில் வேம்புலியோடு திரும்பியது. தாயம்மாள் பின்னால் ஒரு சைக்கிள்காரரின் கேரியரில் வந்தாள்.

வேம்புலி பெட்டிக்குள் பார்த்தார். "இன்னா மாமே, எலி மேய்க்கிறீங்களா?"

"எலி இல்லை. கினிப்பன்றி."

"எதுவோ ஒண்ணு. வயிறு ஒண்ணுதானே." அதைத் தூக்கி, வயிற்றைத் தன் காதோடு சேர்த்து வைத்துக் கேட்டார்.

"ஸ்டெதஸ்கோப் இல்லியா?" என்றார் மனோகரன்.

"பூஜையில கீது. ஆஸ்பத்திரியப் பூட்டிகினு சாவிய டாக்டரு எட்த்துனு பூட்டாரு." வேம்புலி கண்ணை மூடி இன்னும் கேட்டார். "காத்து ரொம்பிகினு கீது. எருமைன்னா எண்ணெய ஊத்துவேன். இதுக்கு ஊத்தினா அவ்ளோதான். கைக்கொழந்தைக்கு வயிறு உப்பினா குடுப்பாங்களே, அந்தச் சொட்டு மருந்து கெடைக்குமா?"

பின்வீட்டுப் பேபிக்கு ஐந்து மாதக் குழந்தை. வனஜா கொல்லைப்புறம் ஓடினாள். மருந்துக் குப்பியோடு பேபியே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். "எம் புள்ளைக்கு மிச்சம் வெச்சிக் குடுங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள்.

"ஆறு கிலோ கொழந்தைக்குப் பத்து சொட்டு" என்று வேம்புலி குப்பியின் சீட்டைப் பார்த்தார். "இது முக்கா கிலோ இருக்கும்."

"கையால எடை போட்டா நான் பாஸ் பண்ண மாட்டேன்" என்றார் இன்ஸ்பெக்‌ஷன் மனோகரன்.

துடைப்பக் கட்டையின் நடுவில் கயிறு கட்டி, ஒரு முனையில் ஒரு கிலோ ரவை பாக்கெட், மறுமுனையில் மஞ்சள் பையில் டாங்கி. ஒரு பூ அளவுக்கு ரவை தாழ்ந்தது. மனோகரன் கண்ணைச் சுருக்கி, "ஒண்ணரைச் சொட்டுக்கு மேல, ரெண்டுக்குக் கீழ" என்று அறிவித்தார். "அந்தத் துண்டுச் சொட்டை எதால அளக்க?"

"ரெண்டு வுடு மச்சான்" என்றார் வேம்புலி. "கால் சொட்டுல டாங்கி கவுந்துடாது."

பூஜைக்கென்று வாங்கி, இன்னும் மையே படாத என் மை நிரப்பியின் குங்குமத்தை வனஜா துடைத்து, வெந்நீரில் கழுவித் தந்தாள். இரண்டு சொட்டு, கடைவாயோரமாக. டாங்கி விழுங்கியது. பிறகு தாயம்மாள் அதை மடியில் வைத்து, மாவு பிசைகிற விரலால் இல்லை, திருநீறு எடுக்கிற விரலால் வயிற்றை மெதுவாக, மெதுவாக நீவினாள்.

கால்மணி போனது. ஒன்றுமில்லை. கடிகாரம் நாலே முக்கால்.

"மாடுன்னா நடக்க வுடுவோம்" என்றாள் தாயம்மாள். தரையில் விட்டுப் பார்த்தோம். டாங்கி கூழாங்கல் மாதிரி இருந்த இடத்திலேயே இருந்தது.

"அது நடக்கலைன்னா வண்டி நடக்கட்டும்" என்றார் வேம்புலி. "ஸ்கூட்டர்ல வெச்சி ஒரு ரவுண்டு அடி. லேசா குலுங்கினா காத்து வழி வுடும்."

மனோகரன் தன் கால்சட்டையைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். "ஏறும் வே" என்றார்.

நான் பின்னால், எங்கள் இருவருக்கும் நடுவில் துண்டு விரித்த கூடை, கூடைக்குள் டாங்கி. தண்ணீர்த் தொட்டி, விளையாட்டு மைதானம், தபால் ஆபீஸ் என்று நல்ல ரோட்டில் ஒரு சுற்று. பிறகு குண்டும் குழியுமான ரோட்டில் மாட்டுவண்டி வேகத்தில் ஒரு சுற்று. வழியெல்லாம் நசுங்கிய எலுமிச்சம்பழம், உடைந்த பூசணி. காற்றில் வாழையிலை மடங்கி மனோகரனின் காதில் அறைந்துகொண்டே வந்தது. மூன்றாம் சுற்றில் அந்த இலையின் நுனி கூடைக்குள் வந்து விழுந்தது. போனது. மறுபடி வந்தது. இந்தத் தடவை நுனியில் பிறை மாதிரி ஒரு கடி.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். "தின்னுது!"

தண்ணீர்த் தொட்டிக்கடியில் வண்டி நின்றது. "எங்க, கொடும் பாப்போம்" என்று மனோகரன் திரும்பி, டாங்கியைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். இலையை ஒடித்து நீட்டினார். மென்றது. மீசை ஆட ஆட மென்றது. மனோகரனின் முகம் மெல்ல மாறியது.

"வே."

"என்ன?"

"என்னமோ விழுது வே. ஒண்ணு... ரெண்டு... எண்ணும் வே, என்ன பாத்துக்கிட்டு இருக்கீரு, எண்ணும்!"

அந்த இஸ்திரி மடிப்பின் நேர் கோட்டில், வரிசையாக, மூன்று. சைக்கிளில் போன இருவர் நின்று பார்த்தார்கள். "போயிட்டு! போயிட்டு!" என்று மனோகரன் அவர்களிடம் அறிவித்தார். எதற்கென்று தெரியாமலே அவர்களும் கைதட்டினார்கள்.

கைக்குட்டையில் மடித்துக் கொண்டுவந்த மூன்றையும் முன்னறையில் விரித்தபோது எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். மனோகரன் சட்டைப்பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்து அளந்தார். "உருவம் சரி. நீளம் கம்மி. அடுத்த லாட் பாத்துட்டுத்தான் பாஸ்."

"சிறுசாத்தான் வரும்" என்றார் வேம்புலி. "இன்னிக்கி பட்டினி கெடந்த வயிறு. நாளைக்கி புல்லு தின்னா பெருசாவும். ராவுல ரெண்டு தபா எழுந்து பாரு மாமே. மறுபடி உப்பினா என்னைக் கூப்புடு."

தாயம்மாள் வாசலில் இருந்த புல்கட்டைப் பிரித்தாள். அந்தச் சரசரப்பு வந்ததுதான் தாமதம், ஆப்பிள் பெட்டிக்குள்ளிருந்து 'வீக்!' என்று ஒரு விசில். பேபியின் குழந்தை பயந்து அழுதது. டாங்கி மறுபடி விசிலடித்தது. வனஜா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அடுத்த லாட்டில் எட்டு.

மணி ஐந்து முப்பது. பேனாவைத் திறந்தேன். கார்பன் வைத்து எழுதியதால் நகல் என்னிடம் இருக்கிறது:

*அன்புள்ள ஜமீலாவுக்கு, உலகநாதன் அங்கிள் எழுதுவது.*

*1. உன் விதிமுறைகளில் மூன்றாவதை நான் மீறிவிட்டேன். அரிவாளைப் பூஜையில் வைத்ததால் நேற்று டாங்கிக்குப் புல் அறுக்கவில்லை. அதற்குப் பதிலாகப் பொரி, பொட்டுக்கடலை, சுண்டல். கொடுத்தவர்கள் பலர், பொறுப்பு என்னுடையது. கையால் பிடுங்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. தாயம்மாள் கேட்டுவிட்டாள், நீயும் கேட்கலாம்.*

*2. இன்று காலை முதல் மாலை ஐந்து மணி வரை புழுக்கை: பூஜ்யம். பயந்துபோனோம்.*

*3. ஐந்து மணி முதல் ஐந்தரை வரை: பதினொன்று. அதில் முதல் மூன்றும் மனோகரன் அங்கிளின் கால்சட்டையில். அவரைக் கேட்டால் விவரமாகச் சொல்வார்.*

*4. புல் தின்கிறது. விசிலடிக்கிறது. இன்னும் முழுக் குணம் என்று எழுதமாட்டேன். நாளை காலை பத்து மணிக்கு எண்ணிவிட்டுத் தந்தி கொடுக்கிறேன். அதில் ஒரு எண் மட்டும் இருக்கும்.*

*5. அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாளே இரண்டு கட்டுப் புல் அறுத்து வைக்கப்படும்.*

*இணைப்பு: ஒன்று.*

"இணைப்பு என்ன வே?" என்றார் மனோகரன். கால்சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். இதில் இஸ்திரி இல்லை.

முதல் மூன்றில் நன்றாக இருந்த ஒன்றை எடுத்து, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளில் சுற்றி, கடிதத்தின் மடிப்பில் வைத்தேன்.

"ஏங்க, அந்தப் பொண்ணுக்கு இதையா அனுப்பறது?" என்றாள் வனஜா.

"நல்லா இருக்குன்னு எழுதினா நம்ப மாட்டேன்னு சொல்லியிருக்காளே."

தாயம்மாள் சோற்றுப்பானையைக் கைகாட்டினாள். நாலு பருக்கையை நசுக்கி, உறையின் வாயில் தடவி, ஓரம் ஓரமாக அழுத்தி ஒட்டினேன். மனோகரன் அதைச் சட்டைப்பையில் வைக்க மறுத்து, தோள்பையின் வெளி அறையில் போட்டு ஜிப்பை இழுத்தார். வேம்புலி ஸ்கூட்டரை உதைத்தார். கடி பட்ட வாழையிலை படபடக்க, மனோகரனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வண்டி ஆவடி ஸ்டேஷனைப் பார்த்துப் பறந்தது. மணி ஐந்து ஐம்பத்திரண்டு.